பழைய பிக்கப்புக்கு மைலேஜ்: பம்ப் கடைக்குப் போகும் முன் ஜாக்கியைப் போடுங்க

வண்டி மைலேஜ் தரவில்லை என்றால் நம் பக்கத்தில் எல்லோருடைய கையும் முதலில் எஞ்சினுக்கு டீசல் அனுப்பும் பம்ப் மேல்தான் போகும். "ஏனுங்ணா, பம்ப்பை இறக்கிப் பார்த்துரலாமுங்களா?" என்று கேட்பார் மெக்கானிக். "சரி, இறக்குப்பா" என்பார் ஓனர். ரெண்டு நாள் வண்டி நிற்கும், ஆயிரக்கணக்கில் பில் வரும், மைலேஜ் பழைய இடத்திலேயே இருக்கும். பம்ப் கடைக்காரர் மேல் தப்பில்லை. வியாதி சக்கரத்தில் இருக்கும்போது வைத்தியம் எஞ்சினுக்கு நடந்திருக்கிறது, அவ்வளவுதான்.

பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடிய பொலேரோ பிக்கப், டாடா 207, தோஸ்த், குட்டியானை எதுவானாலும் இதே வரிசையில் பார்க்கலாம்: சக்கரம், அப்புறம் சூடு, அப்புறம்தான் டீசல் போகும் பாதை. மேலே போகப் போகச் செலவு ஏறும், அதனால் கீழேயிருந்து ஆரம்பிப்பதுதான் லாபம்.

அதற்கும் முன்னால் அளவு. "வண்டி எட்டுதான் தருது" என்பவரிடம் எப்படிக் கணக்குப் பார்த்தீர்கள் என்று கேட்டால், ஆயிரம் ரூபாய்க்கு டீசல் அடித்தேன், இவ்வளவு தூரம் ஓடியது என்பார். டீசல் முள்ளை நம்பிப் பார்க்கிற கணக்கு அது, எதற்கும் உதவாது. ஒரே பங்க், முடிந்தால் ஒரே பம்ப்பு, வண்டி நிற்கும் சாய்வும் ஒன்றாக இருக்கட்டும். பங்க் நாசில் தானாக முதல் தடவை கட் ஆகும் வரை ஃபுல் டேங்க். அதற்கு மேல் அமுக்கி அமுக்கி ஊற்றக் கூடாது. கிலோமீட்டரைக் குறித்துக்கொண்டு குறைந்தது 300 கிலோமீட்டர் ஓட்டி, அதே இடத்தில் மறுபடியும் ஃபுல் செய்யுங்க. ஓடிய தூரத்தை ரெண்டாவது தடவை ஊற்றிய லிட்டரால் வகுத்தால் மைலேஜ். இதை மூன்று டேங்க்குக்குச் செய்து சராசரி எடுங்க. ஒரு டேங்க் கணக்கு அரை, முக்கால் கிலோமீட்டர் இப்படியும் அப்படியும் ஆடும். நோட்டில் லோடையும் ரூட்டையும் சேர்த்து எழுதணும். பல்லடத்திலிருந்து காலிக் கூண்டோடு திரும்பி வந்ததையும், பெருந்துறைக்கு மஞ்சள் மூட்டை ஏற்றிப் போனதையும் ஒரே வரியில் எழுதினால் கணக்கு கெட்டது.

கிலோமீட்டர் காட்டும் மீட்டரையும் சந்தேகப்படுங்க. 215/75 ஆர்15 டயர் வந்த வண்டியில் 7.00 ஆர்15 மாட்டியிருந்தால் சக்கரத்தின் சுற்றளவு ஐந்தாறு சதவீதம் கூடிவிடும். வண்டி 100 கிலோமீட்டர் ஓடியிருக்கும், மீட்டர் 94, 95 தான் காட்டும். மைலேஜ் குறைந்துவிட்டது என்று புலம்பும் சில வண்டிகளில் உண்மையில் ஒன்றுமே குறைந்திருக்காது. போனில் ஜி.பி.எஸ் போட்டுச் சேலம் ரோட்டில் 50 கிலோமீட்டர் ஓட்டி ஒப்பிட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இப்போது ஜாக்கி. பழைய பிக்கப்பில் சத்தமில்லாமல் டீசல் தின்பது பிரேக் பிடிப்புதான். முழுசாகப் பிடித்தால் வண்டியே நகராது, டிரைவருக்குத் தெரிந்துவிடும். லேசாக உரசிக்கொண்டே வந்தால் தெரியாது. "வண்டி கொஞ்சம் சோம்பலா இருக்குது" என்று ஒரு கியர் குறைத்து ஓட்டிப் பழகிவிடுவார்.

கண்டுபிடிக்க எளிய வழி: சமதரையில் பத்துப் பதினைந்து கிலோமீட்டர், முடிந்தவரை பிரேக்கே போடாமல் ஓட்டுங்க. காங்கேயம் தாராபுரம் ரோடு விடிகாலையில் இதற்குத் தோதானது. கடைசியில் பிரேக் மிதிக்காமல் கியரிலேயே குறைத்து ஓரம் கட்டுங்க. இறங்கி, புறங்கையை நாலு சக்கரத்தின் நடுப்பகுதிக்கும் பக்கத்தில் கொண்டு போய்ப் பாருங்க. நேராகத் தொடாதீங்க, பிடித்திருந்தால் தோல் உரிந்துவிடும். நாலும் ஒரே மாதிரி இளஞ்சூடாக இருந்தால் பிரச்சினை அங்கே இல்லை. ஒன்று மட்டும் கை வைக்க முடியாமல் கொதித்தால், அந்தச் சக்கரம்தான் உங்கள் டீசலைக் குடிக்கிறது. ஒரு சக்கரம் சூடாவதற்கான அந்தச் சூடு டேங்க்கிலிருந்துதான் வந்தாகணும், வேறு எங்கிருந்தும் வராது.

அடுத்து அந்தச் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மற்ற சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, நியூட்ரலில் கையால் சுற்றிப் பாருங்க. முன்சக்கரம் லேசான உரசல் சத்தத்தோடு ஒன்றிரண்டு சுற்று போனால் சரி. பின்சக்கரம் சாப்ட்டையும் டிபரன்ஷியலையும் இழுத்துக்கொண்டு சுற்றுவதால் கொஞ்சம் கனமாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு இடத்தில் பிடித்து, ஒரு இடத்தில் விட்டால் டிரம் வட்டம் தப்பியிருக்கிறது. லேத்தில் கொடுத்துக் கடையணும், டிரம்மில் எழுதியிருக்கும் அளவுக்கு மேல் கடைந்துவிட்டால் மாற்றத்தான் வேண்டும். முழுச் சுற்றும் இறுக்கமாக இருந்தால் எதனால் என்று பிரித்துப் பார்க்கணும். அதற்கு ஒரு முறை இருக்கிறது.

பின்சக்கரம் என்றால் முதலில் ஹேண்ட் பிரேக் கேபிளை இரண்டு பக்கமும் கழற்றிவிடுங்க. சக்கரம் விட்டுவிட்டால் கேபிள் உள்ளே துரு ஏறியிருக்கிறது. தினமும் வண்டி கழுவுகிற, இளநீரோ காய்கறியோ ஏற்றித் தண்ணீர் ஒழுகிக்கொண்டே ஓடுகிற வண்டிகளில் இது சகஜம். எண்ணெய் விட்டால் ஒரு வாரம் தாங்கும், கேபிளை மாற்றுவதுதான் வழி. கேபிளைக் கழற்றியும் விடவில்லை என்றால், சக்கரத்தில் பிரேக் ஆயிலையும் காற்றையும் வெளியே விட இருக்கும் பிளீடர் நட்டைக் கால் திருப்பு லூஸ் செய்யுங்க. சொட்டு ஆயில் பீய்ச்சிக்கொண்டு சக்கரம் விட்டால், பைப்பில் பிரஷர் மாட்டிக்கொண்டிருக்கிறது. பீய்ச்சாமல் அப்படியே இறுகியிருந்தால் டிரம்முக்குள்ளே கோளாறு: வீல் சிலிண்டர் பிஸ்டன் துருப்பிடித்து நிற்கும், இல்லை ரிட்டர்ன் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், இல்லை புது பிரேக் லைனர் போட்டவர் அட்ஜஸ்டரை ரொம்பவும் ஏற்றி வைத்திருப்பார்.

பிரஷர் மாட்டியிருக்கும் கேஸில்தான் ஆட்கள் தடுமாறுவார்கள். மறுபடி பிரேக்கை நாலைந்து தடவை மிதித்து, சக்கரம் பிடித்ததும், இந்தத் தடவை பிளீடரை விட்டுவிட்டு, பெடல் மிதித்தால் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து வெளியே வரும் பைப்பின் நட்டை லூஸ் செய்யுங்க. இப்போது சக்கரம் விட்டால் தப்பு மாஸ்டர் சிலிண்டரில்: பெடலுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே இருக்கும் தண்டு கொஞ்சமும் இடைவெளி இல்லாமல் முட்டி நிற்கிறது. ஆயில் திரும்பி வரும் சின்ன ஓட்டை திறப்பதில்லை. வண்டி சூடாகச் சூடாக ஆயில் விரிந்து, பிடிப்பு இன்னும் கூடும். காலையில் நன்றாகப் போய், மத்தியானம் இழுக்காத வண்டிக்கு இதுதான் காரணமாக இருக்கும். மாஸ்டரில் லூஸ் செய்தும் விடாமல், சக்கரத்துப் பிளீடரில் மட்டும் விட்டால், நடுவில் இருக்கும் ரப்பர் ஹோஸ் உள்ளே உப்பி அடைத்திருக்கிறது. வெளியே பார்க்கப் புதுசு போல இருக்கும். மிதிக்கும் பலத்துக்கு ஆயில் உள்ளே போகும், திரும்பி வர மாட்டேன் என்கும். ஹோஸைக் கண்ணால் பார்த்து "நல்லாத்தானுங்க இருக்குது" என்று விட்டுவிடுவதால்தான் பிரேக் லைனரை மூணு தடவை மாற்றியும் சக்கரம் கொதிக்கும். வேலை முடிந்ததும் பிரேக் பைப்பில் புகுந்த காற்றை எடுத்து, ஆயில் மட்டத்தைச் சரிபார்க்காமல் வண்டியை எடுக்காதீங்க.

முன்னால் டிஸ்க் இருக்கும் வண்டிகளில், டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் கேலிப்பர் நகரும் பின் காய்ந்து போவதுதான் பெரும்பாலும் காரணம். உள்பக்கத்து பேடு தேய்ந்து, வெளிப்பக்கத்து பேடு அப்படியே இருந்தால் சந்தேகமே வேண்டாம். பின்னைக் கழற்றிச் சுத்தம் செய்து, அதற்கென்று வரும் சிலிக்கான் கிரீஸ் வையுங்க. சாதா சேஸிஸ் கிரீஸ் வைத்தால் ரப்பர் பூட் ஊறிப் போய்விடும்.

சக்கரம் கழற்றியிருக்கும்போதே பேரிங்கும் பாருங்க. இறுக்கமாகப் போட்டால் ஆட்டம் இருக்காது என்று நினைத்து முழு பலத்தில் முறுக்கிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் பேரிங் சூடாகி கிரீஸ் உருகி ஓடும். சுற்றிக்கொண்டே இறுக்கி, பிறகு கொஞ்சம் பின்னுக்கு விட்டு, ஆட்டமும் இல்லை இறுக்கமும் இல்லை என்ற இடத்தில் பின் போடணும். ஹப் முழுக்கக் கிரீஸை அடைப்பதும் வேண்டாம்.

டயருக்கு வருவோம். காற்று குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி நிமிர்கிறது, அந்த வேலைக்கும் டீசல்தான் கூலி. அளவில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால், உருளும் தடை ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு கூடும். எவ்வளவு வைப்பது என்பதற்குக் கதவோரம் ஒட்டியிருக்கும் அட்டைதான் கணக்கு. காலியாக எவ்வளவு, லோடோடு பின்னால் எவ்வளவு என்று தனித்தனியாக இருக்கும். டயர் மாடலை மாற்றியிருந்தால் டயரின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் அதிகபட்ச அளவைத் தாண்டக் கூடாது. காற்று பார்ப்பது காலையில், வண்டி எடுக்கும் முன். சித்திரை வெயிலில் லோடோடு ஓடி வந்து பார்த்தால் 65 வைத்த டயர் 72, 73 காட்டும். அய்யய்யோ கூடிப்போச்சு என்று இறக்கிவிட்டால், மறுநாள் காலையில் அது குறைகாற்று டயர். இரட்டிப்பு நஷ்டம், டயரும் தேயும், டீசலும் போகும். நைலான் டயரிலிருந்து ரேடியலுக்கு மாறினால் உருளுவது இலகுவாகும். டயர் மாற்ற வேண்டிய சமயத்தில் மாறுங்க, அதற்காக நல்ல டயரைக் கழற்ற வேண்டாம்.

அலைன்மென்ட் கெட்டிருக்கிறதா என்பதை உள்ளங்கையே சொல்லும். முன் டயரின் மேல் கையை வெளியிலிருந்து உள்ளே தடவுங்க, பிறகு உள்ளேயிருந்து வெளியே தடவுங்க. ஒரு திசையில் வழுவழுப்பு, மறுதிசையில் ரம்பப் பல் மாதிரி சொரசொரப்பு என்றால் டயர் நேராக உருளாமல் குறுக்கே இழுபட்டுக்கொண்டு வருகிறது. அலைன்மென்ட் செய்வதற்கு முன் டை ராடு முனையும் கிங் பின்னும் ஆட்டம் இல்லாமல் இருக்கணும். ஆட்டத்தோடு செய்த அலைன்மென்ட் கடை வாசலைத் தாண்டாது.

அடுத்தது சூடு. இந்தப் பதிவில் ஒரே ஒரு விஷயம்தான் நினைவில் நிற்கும் என்றால் அது தெர்மாஸ்டாட்டாக இருக்கட்டும். எஞ்சின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் நிறுத்தும் வால்வு அது. நம்மூர் வெயிலுக்கு அது தேவையில்லை என்று ஒரு பழக்கம் ஊறிப்போயிருக்கிறது. வண்டி ஒரு தடவை சூடானதும் "வால்வைக் கழற்றிட்டா சூடே ஆகாதுங்ணா" என்று தெர்மாஸ்டாட்டை எடுத்து வெளியே போட்டுவிடுவார்கள். அதற்கப்புறம் எஞ்சின் சூடாகவே சூடாகாது, அதுதான் பிரச்சினை. டீசல் எஞ்சின் ஏறத்தாழ 80, 90 டிகிரியில் ஓடும்படி செய்யப்பட்டது. 60 டிகிரியில் ஓடினால் ஆயில் கெட்டியாக இருந்து இழுக்கும், டீசல் முழுசாக எரியாது, எரிந்த சூட்டில் கூடுதல் பங்கு தண்ணீருக்குப் போகும், சிலிண்டர் லைனரும் வேகமாகத் தேயும். டீசல் அளவைக் கம்ப்யூட்டரே முடிவு செய்யும் சி.ஆர்.டி.ஐ வண்டி என்றால் இன்னும் மோசம். எஞ்சின் இன்னும் குளிராகத்தான் இருக்கிறது என்று கம்ப்யூட்டர் நினைத்து, அதற்குத் தகுந்தபடியே டீசல் கொடுத்துக்கொண்டிருக்கும்.

இருக்கிறதா, வேலை செய்கிறதா என்று பார்க்கக் கருவி வேண்டாம். காலையில் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து, ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸைத் தொட்டுக்கொண்டே இருங்க. தெர்மாஸ்டாட் சரியாக இருந்தால் எஞ்சின் சூடாகும்வரை ஹோஸ் குளிர்ந்தே இருந்து, திடீரென்று ஒரு நிமிஷத்தில் கொதிக்கத் தொடங்கும். ஆரம்பத்திலிருந்தே மெல்ல மெல்ல வெதுவெதுப்பாகிக்கொண்டு வந்தால் அது திறந்தே கிடக்கிறது, இல்லை அங்கே இல்லவே இல்லை. கழற்றிய தெர்மாஸ்டாட்டைச் சோதிக்க ஒரு சட்டியில் தண்ணீர் வைத்து, நூலில் கட்டித் தொங்கவிட்டு, தெர்மாமீட்டரோடு காய்ச்சுங்க. அதன் மேல் பொறித்திருக்கும் டிகிரியில் திறக்கத் தொடங்கணும். புதுசு வாங்கினால் அதே டிகிரி எண் பார்த்து வாங்குங்க. டீசல் செலவோடு ஒப்பிட்டால் அதன் விலை ஒன்றுமேயில்லை.

அப்படியானால் வண்டி ஏன் முதலில் சூடானது? அதற்குப் பதில் பெரும்பாலும் ரேடியேட்டரில் இருக்கும். திருப்பூர், பல்லடம், சோமனூர் பக்கம் ஓடும் வண்டியில் பஞ்சு, பொள்ளாச்சிப் பக்கம் ஓடும் வண்டியில் தேங்காய் நார்த் தூள். இரண்டும் ரேடியேட்டர் துடுப்புகளுக்குள் கம்பளி மாதிரிப் படிந்துவிடும். முன்னாலிருந்து தண்ணீர் அடித்தால் இன்னும் உள்ளே போய் அடைக்கும். எஞ்சின் பக்கத்திலிருந்து வெளியே, குறைந்த பிரஷரில் அடிக்கணும். உள்ளே இன்னொரு எதிரி போர் தண்ணீர். காங்கேயம், தாராபுரம் பக்கத்துப் போர் தண்ணீர் எப்படிப்பட்டது என்று வீட்டுப் பாத்திரத்தின் அடியைப் பார்த்தாலே தெரியும், அதே வெள்ளைப் பொருக்குதான் எஞ்சின் தண்ணீர் வழிகளிலும் படியும். கூலண்ட்டை டிஸ்டில்டு வாட்டரில் கலந்து ஊற்றுங்க, கலந்தே வரும் டப்பா என்றால் அப்படியே ஊற்றுங்க. சூடான எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீங்க.

சூட்டுக்குத் தகுந்தபடி வேகம் மாறும் விஸ்கஸ் பேன் இருக்கும் வண்டியில் பேன் சத்தத்தைக் கவனிங்க. காலையில் எடுத்ததும் ஒரு நிமிஷம் விமானம் மாதிரி இரைந்துவிட்டு அடங்கினால் சரி. நாள் முழுக்க இரைந்தால் உள்ளே இறுகிவிட்டது, எஞ்சின் பலத்தில் ஒரு பகுதியைச் சும்மா காற்றடிக்கவே செலவழிக்கிறது.

இனி டீசல் பாதை. முதலில் ஒழுகல். நொடிக்கு ஒரு சொட்டு ஒழுகினால் மணிக்கு ஏறத்தாழ 180 மில்லி, எட்டு மணி நேரம் ஓடினால் கிட்டத்தட்ட ஒன்றரை லிட்டர். ஓடும்போது ஒழுகுவது ரோட்டில் போய்விடும், நிற்கும் இடத்தில் கறை தெரியாது. பம்ப்பு, நாசில் (எஞ்சினுக்குள் டீசலைத் தூவும் இன்ஜெக்டர்) ரிட்டர்ன் குழாய், பில்டர் தலை எல்லாவற்றையும் துடைத்துக் காயவைத்து, கோலமாவோ பவுடரோ லேசாகத் தூவி, அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வந்து பாருங்க. எங்கே நனைந்திருக்கிறதோ அங்கே ஒழுகல். ஆயில் குச்சியையும் எடுத்துப் பாருங்க. ஆயில் மட்டம் குறைய வேண்டிய வண்டியில் கூடியிருந்து, டீசல் வாடையும் அடித்தால், டீசல் உள்ளே இறங்குகிறது. அதை அப்படியே ஓட்டக் கூடாது, பேரிங் போய்விடும்.

ஏர் பில்டர் பற்றி இங்கே ஒரு உண்மையைச் சொல்லியாகணும். ஓரளவு அழுக்கான பில்டரை மாற்றியதால் மைலேஜ் எகிறாது. முழுக்க அடைத்து, கரும்புகை தள்ளும் வண்டியில்தான் வித்தியாசம் தெரியும். ஆனாலும் மாற்றுங்க, காரணம் தேய்மானம். காற்றடிப்பது உள்ளேயிருந்து வெளியே, தூர வைத்து. பிறகு உள்ளே பல்பு விட்டு இருட்டில் பாருங்க, ஊசி முனை வெளிச்சம் தெரிந்தாலும் தூக்கிப் போடுங்க. பில்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவே உள்ள ரப்பர் பைப்பின் கிளாம்ப் தளர்ந்தால் பில்டர் இருந்தும் இல்லாத மாதிரிதான். டர்போ வண்டியில் டர்போவுக்கு அப்புறம் வரும் ஹோஸில் ஆயில் ஈரமும், ஏற்றத்தில் விசில் சத்தமும் இருந்தால் அங்கே காற்று தப்பிக்கிறது. அப்படிப்பட்ட வண்டி கரும்புகையும் தள்ளும்.

டீசல் பில்டரில் தண்ணீர் இறக்குவது வாரம் ஒரு தடவை, கண்ணாடி பாட்டிலில் பிடித்து. கீழே தனியாகத் தண்ணீர் நின்றால் தொடர்ந்து இறக்குங்க.

இதெல்லாம் முடிந்த பிறகும் புகையும் மைலேஜும் சரியில்லை என்றால்தான் நாசில். டெஸ்டரில் மாட்டி அடிக்கும்போது கூடவே நின்று பாருங்க. நல்ல நாசில் மூடுபனி மாதிரி, எல்லா ஓட்டையிலும் சமமாக, வெட்டினாற்போல நிற்கும். கெட்டது ஒரு பக்கம் கோடாக அடிக்கும், அடித்து முடித்ததும் முனையில் ஒரு சொட்டு தொங்கும். அந்தச் சொட்டு எரியாமல் பிஸ்டன் மேல் விழுவதுதான் புகையும் நஷ்டமும். எல்லா நாசிலும் ஒரே பிரஷரில் திறக்கணும், அந்த அளவு கம்பெனி புத்தகத்தில் இருக்கும். நாசில் முன்னால் கையைக் கொண்டு போகாதீங்க. அந்தப் பிரஷரில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும், காயம் சின்னதாகத் தெரிந்தாலும் ஆஸ்பத்திரிக்குத்தான் ஓடணும்.

திரும்ப மாட்டும்போது நடக்கும் ஒரு தப்பு: பழைய செம்பு வாஷர் அடியிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும், அதன் மேலேயே புது வாஷரையும் போட்டுவிடுவார்கள். நாசில் முனை ஒரு வாஷர் கனம் மேலே நின்றுவிடும், பிஸ்டன் குழிக்குள் விழ வேண்டிய டீசல் வேறு இடத்தில் விழும். பழையதைக் கொக்கி போட்டு எடுத்து, உட்காரும் இடத்தைச் சுத்தம் செய்து, சரியான கனத்தில் ஒரே ஒரு வாஷர்.

பழைய பம்ப் வண்டியில் டைமிங், அதாவது டீசல் அடிக்கும் நேரம், பின்தங்கினால் எஞ்சின் மந்தமாகி வெள்ளைப் புகை தள்ளும், சைலன்சர் சூடு கூடும், மைலேஜ் விழும். முன்னால் போனால் கடகடவென்று தட்டும். பம்ப்பில் சீல் கம்பி அறுந்திருக்கிறதா என்றும் பாருங்க. பிக்கப் வேண்டும் என்று முந்தைய ஓனர் யாரோ டீசல் ஸ்க்ரூவை ஏற்றியிருப்பார். ஏற்றத்தில் கரும்புகை விடும் வண்டியில் எரியாத டீசல்தான் புகையாகப் போகிறது. அதை டெஸ்ட் பெஞ்சில்தான் திரும்ப வைக்கணும், காதால் கேட்டு வைக்க முடியாது. வால்வுகளின் டேப்பெட் இடைவெளியும் இந்தச் சமயத்திலேயே, கம்பெனி சொன்ன அளவுக்கு, ஃபீலர் கேஜ் வைத்து.

சி.ஆர்.டி.ஐ வண்டி என்றால் நாசில் ரிட்டர்ன் குழாய்களைத் தனித்தனி பாட்டிலில் விட்டு, ஐடிலில் சில நிமிஷம் ஓட்டிப் பாருங்க. ஒரு பாட்டில் மட்டும் சீக்கிரம் நிறைந்தால் அந்த இன்ஜெக்டர் கசிகிறது. பிரஷர் பைப்பின் நட்டுகளில் மட்டும் எஞ்சின் ஓடும்போது கை வைக்கவே கூடாது. புகையில் ஒரு பங்கைத் திரும்ப எஞ்சினுக்குள் விடும் இ.ஜி.ஆர் வால்வு கரி பிடித்துத் திறந்தே நின்றால் கரும்புகையும் மந்தமும் வரும், கழற்றிச் சுத்தம் செய்தால் போதும். அடைத்துவிடலாம் என்று தகடு வைப்பவர்கள் உண்டு. சட்டத்தில் மாட்டுவதோடு எஞ்சின் லைட்டும் எரியும்.

வண்டியில் எல்லாம் சரி, இனி ரோடு. காற்றின் தடை வேகத்தின் வர்க்கமாக ஏறும். 60ல் இருந்ததைவிட 80ல் தடை 1.78 மடங்கு. கோவையிலிருந்து சேலம் பக்கம் 160 கிலோமீட்டரை 80லேயே போனால் இரண்டு மணி நேரம், 60ல் போனால் 40 நிமிஷம் கூட. அந்த 40 நிமிஷத்துக்கு லோடுக்காரர் பணம் தருகிறாரா என்பதுதான் கேள்வி. பெரும்பாலும் தருவதில்லை.

நம் ஊருக்கே உரிய இன்னொரு கணக்கு பாலக்காட்டுக் கணவாய்க் காற்று. ஆனி, ஆடி மாதங்களில் உடுமலை, பொள்ளாச்சி, கேத்தனூர் பக்கம் மேற்கே போகும் வண்டிக்கு எதிர்க்காற்று. 60ல் போகும் வண்டிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் காற்று எதிர்த்தால், வண்டி உணர்வது 85. தடை ரெண்டு மடங்கு. அதே காற்று பின்னால் இருந்தால் மூன்றில் ஒரு பங்குதான். அதனால் ஆடி மாதம் தாராபுரத்திலிருந்து பொள்ளாச்சிக்குப் போனதை மட்டும் வைத்து மைலேஜ் போய்விட்டது என்று முடிவு கட்டாதீங்க. போக வரச் சேர்த்துக் கணக்குப் பாருங்க. காத்தாலைகள் வேகமாகச் சுற்றும் நாளில் மேற்கே போகும்போது 50க்கு இறக்கிக்கொண்டால் தெரியும் வித்தியாசம். விடிவதற்கு முன் காற்று கொஞ்சம் அடங்கியிருக்கும்.

லோடும் ஒன்று போல இல்லை. பனியன் பெட்டி எடை குறைவு, உயரம் அதிகம். அதற்கு வேகம்தான் எதிரி. மஞ்சள், தேங்காய், சிமெண்ட் எடை அதிகம், உயரம் குறைவு, அங்கே டயர் காற்றும் பிரேக் பிடிப்பும்தான் விளையாடும். உயர லோடை கேபினுக்கு நெருக்கமாக, இடைவெளி விடாமல் அடுக்கி, தார்பாயைப் படபடக்காமல் இறுக்கிக் கட்டுங்க. காலியாகத் திரும்பும்போது தார்பாயை மடித்துப் போடுங்க, பலூன் மாதிரி ஊதிக்கொண்டு வர வேண்டாம்.

திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவிலோ, வால்பாறையின் 40 வளைவிலோ இறங்கும்போது நியூட்ரலில் விட்டு டீசல் மிச்சம் பிடிப்பவர்கள் கணக்குத் தெரியாதவர்கள். கியரில் இருந்து ஆக்சிலேட்டரை விட்டால் பழைய பம்ப் கவர்னரும் டீசலை நிறுத்தும், சி.ஆர்.டி.ஐயும் நிறுத்தும். நியூட்ரலில்தான் ஐடிலுக்கு டீசல் போய்க்கொண்டிருக்கும். பிரேக் காய்ந்து வேலை செய்யாமல் போவது தனி. ஏறிய கியரிலேயே இறங்குங்க.

மேக்னட், ஹைட்ரஜன் கிட், டேங்க்கில் போடும் மாத்திரை, இவற்றில் எதற்கும் காசு கொடுக்காதீங்க. மண்ணெண்ணெய் கலப்பதும், ரோட்டோரம் குறைந்த விலைக்கு வரும் 'பயோ' டீசலும் பம்ப்பின் உள்பாகத்தை வறளவைத்துத் தேய்க்கும். மிச்சம் பிடித்ததைவிடப் பல மடங்கு பம்ப் கடையில் கட்ட வேண்டியிருக்கும்.

இவ்வளவும் செய்தும் ஏறவில்லை என்றால் எஞ்சினை ஓடவிட்டு ஆயில் மூடியைத் திறந்து பாருங்க. ஊதுகுழல் மாதிரி புகை அடித்தால் சிலிண்டர் லைனர், பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. கம்ப்ரஷன் பார்த்துவிட்டு முடிவு எடுக்கணும். கணக்கு இப்படி: மாதம் 3,000 கிலோமீட்டர் ஓடும் வண்டி 10லிருந்து 11.5க்கு ஏறினால் 300 லிட்டர் 261 ஆகும். 39 லிட்டர் மிச்சம், லிட்டர் 92 ரூபாய் என்று வைத்தால் மாதம் 3,600 ரூபாய். எஞ்சின் வேலைக்கு ஒரு லட்சம் ஆகிறது என்றால் அது திரும்பி வர 28 மாதம். அந்த 28 மாதம் வண்டி தாங்குமா என்று தெரிய, அடியில் படுத்து, பின் ஸ்பிரிங் பட்டைத் தாங்கிகள் சேஸிஸில் சேரும் இடத்தைச் சுத்தியலால் தட்டிப் பாருங்க. கணீர் என்றால் எஞ்சினை இறக்கலாம். பொத்தென்று சத்தம் வந்து துருப்பொடி உதிர்ந்தால், அந்த லட்சத்தை அடுத்த வண்டிக்கு எடுத்து வையுங்க.